அரிய கார் எல்லாம் அருமையான கார் ஆகுமா?

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், திருவள்ளூரைக் கடந்த சிறிது தொலைவில் திருப்பாச்சூர் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் இது. இந்த வட்டாரத்துக்குத் தொழில் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அருகிலுள்ள திருவள்ளூரில் 1971-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் 1998-இல், ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துடைய ஒத்துழைப்புடன், அதிகத்தூரில் இருந்த அதன் ஆலையிலிருந்து 'லான்சர்' என்னும் கார் வெளிவந்தது.

அந்த 1998-ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலக ராலிப் பந்தயத்தில் தயாரிப்பாளர்களுக்கான பட்டத்தை மிட்சுபிஷி வென்றது அதே ஆண்டில்தான். வென்று கொடுத்த காரின் பெயரும் லான்சர்தான்; 'லான்சர் எவலூஷன்' என்பது முழுப் பெயர். பின்லாந்து நாட்டு வீரர் டாமி மேக்கினன், 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இந்தக் காரின் வெவ்வேறு வடிவங்களை ஓட்டி ஓட்டுநர் பட்டத்தை வென்றார்.

இன்று இரு கார்களின் நிலை என்ன? மேக்கினன் பெயரால் வெளியிடப்பட்ட எவலூஷன் கார் ஒன்று, 2021-இல் பிரிட்டனில் நடந்த ஏலத்தில் ஒரு இலட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. திருவள்ளூர் லான்சரோ, புதிய சிறு கார் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கைமாறுகிறது. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் சாலைகளில் அதைக் காண்பதும் நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது. அரிதானால் விலை ஏறும் என்பது பொது விதியானால், திருவள்ளூர் லான்சருக்கு மட்டும் ஏன் அந்த விதி பலிக்கவில்லை? இக்கேள்விக்கு விடை தேடினால், பொருள்களின் மதிப்பு எப்படி உருவாகிறது என்பதே நமக்கு விளங்கும்.

ஒரே குடும்பம், இரு பிறவிகள்

திருவள்ளூரில் உருவான முதல் லான்சரும், எவலூஷனின் நான்காம், ஐந்தாம், ஆறாம் வடிவங்களும் ஒரே தலைமுறை உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டவை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் குடும்ப ஜாடை தெரியும். உள்ளே இருப்பதோ வேறு. திருவள்ளூர் காரில் 1500 கன செண்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். டீசல் எஞ்சின் பொருத்திய வகையும் உண்டு. எவலூஷனில் 2000 கன செண்டிமீட்டர் எஞ்சின். அதில் டர்போ என்னும் காற்றழுத்தி. நான்கு சக்கரங்களுக்கும் ஓட்டம்.

எவலூஷன் பிறந்ததற்கே காரணம் ஒரு பந்தய விதி. ராலியில் ஓடும் கார், கடையில் பொதுமக்கள் வாங்கக்கூடிய காராகவும் இருக்க வேண்டும்; குறிப்பிட்ட எண்ணிக்கையிலாவது அது விற்பனைக்கு வந்திருக்க வேண்டும் என்று பந்தய அமைப்பு நிபந்தனை வைத்தது. அந்த எண்ணிக்கை பின்னர் 2500 என ஆயிற்று. ஆகவே 1992 முதல் மிட்சுபிஷி, பந்தயத்துக்காகவே ஒரு காரை வகுத்து, விதிக்காக அதைச் சில ஆயிரம் பேருக்கு விற்றது. இங்கே அருமை பிறவியிலேயே வந்தது. எண்ணிக்கையும் குறைவு, அதற்கு ஒரு காரணமும் உண்டு, காரணத்தை மெய்ப்பிக்கும் வெற்றிகளும் உண்டு.

அரிதாயிருந்தும் விலை போகாதவை

நம் வீட்டில் நேற்று எழுதிய மளிகைச் சீட்டு உலகில் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அதை யார் விலை கொடுத்து வாங்குவார்? தண்ணீர் இன்றியமையாதது, ஆனால் மலிவானது. வைரம் இல்லாமல் வாழலாம், ஆனால் விலை உயர்ந்தது. இந்தப் புதிரை 1776-இல் வெளிவந்த தம் நூலில் ஆடம் ஸ்மித் எடுத்துப் பேசினார். பின்வந்த பொருளியலார் சொன்ன விடை இது: விலை என்பது பொருளின் எண்ணிக்கையை மட்டுமோ, அதன் பயனை மட்டுமோ பொறுத்ததன்று. இருக்கும் எண்ணிக்கைக்கும் அதை விரும்புவோரின் தொகைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது.

இதற்குச் சிறந்த சான்று பிரான்சில் செய்யப்பட்ட 'புகாட்டி ராயல்' என்னும் பெருங்கார். 12 லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ள எஞ்சின். மன்னர்களுக்கு விற்கலாம் என்று எண்ணி 25 கார்கள் செய்யத் திட்டமிட்டார் எட்டோர் புகாட்டி. 1929-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வாங்குவோர் மூவர்தாம் கிடைத்தனர். உலகில் ஆறே ஆறு கார்கள், இருந்தும் விற்கவில்லை! மிஞ்சிய எஞ்சின்களை இரயில் பெட்டிகளை இழுக்கப் பயன்படுத்திக் கொண்டார்கள். அந்த ஆறில் ஒன்று நியூயார்க் நகரத்துப் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் போய்ச் சேர்ந்தது. 1943-இல் சார்லஸ் செய்ன் என்ற பொறியாளர் அதை 400 டாலருக்கு வாங்கினார். இன்று அது அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் உடன்பிறப்பான வேறொரு ராயல், 1987-இல் இலண்டன் ஏலத்தில் 55 இலட்சம் பவுண்டுக்குப் போயிற்று. 1943-இலும் ஆறு கார்கள்தாம், 1987-இலும் ஆறு கார்கள்தாம். கூடியது காரின் எண்ணிக்கையன்று; அதை அறிந்து விரும்புவோரின் எண்ணிக்கை.

நம் ஊர்ப்பக்கமும் ஒரு சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் 'ரோவர் எஸ்டி-1' என்ற புகழ்பெற்ற காரின் உடல் அதற்கு. 1977-இல் ஐரோப்பாவின் அவ்வாண்டின் சிறந்த கார் என்று பாராட்டப்பட்ட வடிவம் அது. ஆனால் உள்ளே வைத்ததோ பல ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய எஞ்சின். பெட்ரோல் நிறையக் குடித்தது, விலையும் அதிகம். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. மிகக் குறைவாகவே எஞ்சியுள்ள கார் அது. எனினும் அரிது என்பதற்காக அதற்கு அரிய விலை வந்துவிடவில்லை. தோல்வியால் வந்த அருமைக்கும் வெற்றியால் வந்த அருமைக்கும் சந்தையில் வேறுபாடு இருக்கிறது.

விலை நடக்கும் பாதை

ஒரு விளையாட்டுக் காரின் விலை அதன் வாழ்நாளில் எப்படி நடக்கிறது என்பதற்கு இத்தாலியின் 'ஃபெராரி 250 ஜிடிஓ' நல்ல எடுத்துக்காட்டு. 1962 முதல் 1964 வரை 36 கார்கள் செய்யப்பட்டன. அமெரிக்காவில் அதன் புது விலை சுமார் 18,000 டாலர். பந்தயத்தில் அதை வெல்லப் புதிய கார்கள் வந்தவுடன் அது 'பழைய பந்தயக் கார்' ஆகிவிட்டது. பந்தயத்துக்கு உதவாது, கடைத்தெருவுக்கு ஓட்டிப் போகவும் வசதிப்படாது. 1960-களின் பிற்பகுதியில் சில ஆயிரம் டாலருக்கே அது கைமாறியது.

பிறகு விலை மெல்லத் திரும்பியது. 1980-களின் இறுதியில் பேராசை புகுந்தது. காரை ஓட்ட விரும்பியவர்களோடு, வாங்கி விற்று இலாபம் பார்க்க விரும்பியவர்களும் சேர்ந்தார்கள். 1989 வாக்கில் ஒரு ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டியது. சில ஆண்டுகளில் அந்தக் குமிழி உடைந்தது. 1990-களின் நடுவில் விலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. மறுபடி ஏறி, 2018-இல் ஒன்று 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கும், 2023-இல் இன்னொன்று 5 கோடியே 17 இலட்சம் டாலருக்கும் ஏலம் போயின.

1967-இலும் 36, 1989-இலும் 36, 1995-இலும் 36! எண்ணிக்கை மாறாதிருக்க, விலை மட்டும் இறங்கிற்று, ஏறிற்று, சரிந்தது, மீண்டும் ஏறிற்று. ஆகவே 'அரிய கார், விலை ஏறியே தீரும்' என்று யாரேனும் நமக்கு விற்க வந்தால், இந்த ஏற்ற இறக்கத்தை நினைத்துக்கொள்வது நல்லது. அருமை விலையை உயர்த்துவதில்லை. விருப்பம் உயரும்போது அந்த உயர்வைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, விருப்பம் விழும்போது வீழ்ச்சியையும் பெரிதாக்கிவிடுகிறது.

ஏன் பெரிதாக்குகிறது? ஏலக் கணக்கைப் பாருங்கள். பல்லாயிரம் கார்கள் விற்பனைக்கு இருக்கும் சந்தையில், வாங்குபவர் ஒருவர் பின்வாங்கினாலும் விலை அசையாது. ஒரே ஒரு கார் மேடைக்கு வரும்போது, அதற்கு 40 ரூபாய் வரை கொடுக்க ஒருவரும், 100 ரூபாய் வரை கொடுக்க இன்னொருவரும் வந்திருப்பதாகக் கொள்வோம். விலை 40-ஐச் சற்றுத் தாண்டியதும் ஏலம் முடிந்துவிடும். 90 ரூபாய் கொடுக்கக்கூடிய மூன்றாமவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், விலை 90-ஐத் தாண்டும். அதாவது, அரிய பொருளின் விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்லர். அவருக்கு அடுத்தபடியாகத் தோற்றவர். ஓரிருவரின் வருகையும் வராமையும் விலையை இரட்டிப்பாக்கவோ பாதியாக்கவோ செய்யும்.

2022-இல் உலகிலேயே மிக அதிக விலைக்கு விற்ற கார் இத்தகையதே. மெர்சிடிஸ் நிறுவனம் 1955-இல் இரண்டே இரண்டு செய்து, தன்னிடமே வைத்திருந்த '300 எஸ்எல்ஆர்' மூடு காரில் ஒன்றை, அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டும் நடத்திய ஏலத்தில் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விற்றது. அத்தொகை கல்வி உதவி நிதிக்கு ஒதுக்கப்பட்டது.

அணை கட்டித் தேக்கிய அருமை

நம் நாட்டில் இன்னொரு வகை அருமையும் இருந்தது. அது செயற்கையாக வந்தது. 1950-களிலிருந்து வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என மூன்று வகைகளே பெரும்பாலும் கிடைத்தன. அவையும் போதவில்லை. கார்களை யாருக்கு எப்படி விற்பது என்பதற்கே 1959-இல் அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திராமல் உடனே வேண்டுமென்போர், கையிலிருக்கும் காருக்குப் புது விலைக்கு மேலும் கொடுத்தார்கள். ஓடிய கார் ஓடாத காரைவிட விலை கூடிய விந்தையை நம் முந்தைய தலைமுறையினர் கண்டிருக்கிறார்கள். 1980-களில் மாருதி வந்த புதிதிலும் இதே கதை நடந்தது.

வெளிநாட்டு விளையாட்டுக் கார்களின் நிலை இன்னும் விசித்திரம். தூதரகத்தார் கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுச்சென்ற கார்களை அரசு வாணிகக் கழகம் விற்கும். அவற்றுக்குப் பெரும் போட்டி. வெளிநாட்டில் சாதாரணமாக ஓடிய கார் இங்கே அரும்பொருள் ஆயிற்று. ஆனால் 1990-களில் கதவு திறக்கத் தொடங்கிற்று; 2001-இல் அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. அணை திறந்ததும் அந்த அருமை வடிந்துவிட்டது. தடையால் வந்த அருமை, தடை நீங்கும் நாள்வரைதான் நிற்கும். செய்த ஆலை மூடிவிட்டதால் வந்த அருமை அப்படியன்று. அதை எந்த ஆணையாலும் திரும்ப நிரப்ப முடியாது.

சோழவரம் கற்பித்த பாடம்

கார் இறக்குமதி இல்லாத அந்த நாளில் பந்தய ஆர்வம் மட்டும் குறைந்துவிடவில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் சாலையில், செங்குன்றத்தை அடுத்துள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்திற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமையும் வரை, தென்னாட்டின் மோட்டார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

அங்கே ஓடியவை பலவும் கையால் கூட்டிய கார்கள். ஃபியட்டின் எஞ்சினை எடுத்து, ஹெரால்டின் பாகங்களைச் சேர்த்து, குழாய்களை வளைத்து அடிச்சட்டம் செய்து, தகரத்தைத் தட்டி உடல் அமைத்துப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அருமைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை அழிந்துபோயின. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்காகப் பழைய காரைக் கழற்றிப் புதிய காருக்குப் பாகம் எடுத்தார்கள். எந்தக் கார், எந்த ஆண்டு, யார் ஓட்டினார், எந்த எஞ்சின் என்ற குறிப்புகளும் அவற்றோடு போயின.

இங்கிலாந்திலும் இத்தாலியிலும் பந்தய நிரல்தாள், புகைப்படம், தொழிற்சாலைப் பதிவேடு, பழுதுபார்த்த பற்றுச்சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வைத்தார்கள். ஓர் அரிய காரின் விலையில் பெரும்பகுதி அந்தக் காகிதக் கட்டுக்கே உரியது என்றால் மிகையாகாது. காகிதமில்லாத அரிய கார், பிறப்புச் சான்றிதழ் இல்லாத வாரிசைப் போன்றது. உரிமை இருக்கலாம், மெய்ப்பிக்க முடியாது.

உதிரிப் பாகமும் ஒரு மதிப்பே

அருமைக்கு எதிர்த்திசையிலும் ஓர் உண்மை உண்டு. 1961 முதல் சுமார் பத்தாண்டுகள் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த கார். தனி அடிச்சட்டத்தின்மேல் உடல் அமர்ந்திருக்கும். அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, இங்கிலாந்தில் 1962-இல் 'டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்' என்ற இரு இருக்கை விளையாட்டுக் காரைச் செய்தார்கள். 1980 வரை மூன்று இலட்சத்துக்கும் மேல் ஓடிவந்த அதனை அரிய கார் என்று சொல்ல முடியாது. ஆயினும் அதனை நேசிப்போர் ஏராளம். நேசிப்போர் மிகுந்ததால், பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்த வசதியின் பயன் சென்னை ஹெரால்டுக்கும் ஓரளவு கிடைக்கிறது.

மிகவும் அரிதான காருக்கு ஒரு கண்ணாடி உடைந்தால், வேறு கண்ணாடி கிடைக்காது. எனவே ஓரளவு எண்ணிக்கை இருந்தால்தான் ஒரு கார் வாழும். திருவள்ளூர் லான்சரும் இவ்வகையில் பேறு பெற்றது. உலகெங்கும் ஓடிய தலைமுறையைச் சேர்ந்தது அது; ராலி ஓட்டுநர்களும் ஆர்வலர்களும் அதனை நாடினார்கள். 2006-இல் அதே ஆலையில் தொடங்கிய 'சீடியா' என்ற அடுத்த லான்சர் நம் நாட்டு ராலிகளில் பெயர் வாங்கியது.

பொய்யைக் காட்டும் அமிலம்

விலை ஏறும் இடத்தில் பொய்யும் ஏறும். சாதாரண லான்சருக்கு எவலூஷனின் முன்முகப்பையும் பின்சிறகையும் பொருத்தித் தோற்றத்தை மாற்றலாம். தோற்றத்துக்காகச் செய்தால் தவறில்லை. அதையே எவலூஷன் என்று விற்றால் மோசடி. மெய்யை எப்படி அறிவது?

முதற்சோதனைக்குச் சிறு காந்தம் போதும். இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம், தடிமனாகப் பட்டி பூசி மெழுகிய இடத்தில் வலுவின்றி நழுவும். அலுமினியத்தில் ஒட்டவே ஒட்டாது. மெர்சிடிஸ் '300 எஸ்எல்' என்ற, கதவுகள் சிறகுபோல் மேலே திறக்கும் கார் 1954 முதல் 1957 வரை 1400 செய்யப்பட்டது. அவற்றில் 29-க்கு மட்டுமே அலுமினிய உடல். மற்றவற்றைவிட இந்த 29-க்குப் பன்மடங்கு விலை. 2022-இல் அவற்றுள் ஒன்று 68 இலட்சம் டாலருக்கு விற்றது. காந்தம் ஒட்டுமா ஒட்டாதா என்பதில் இத்தனை பணம் இருக்கிறது!

அடுத்தது எண்கள். எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் தொழிற்சாலை எண்களைக் குத்தியிருப்பார்கள். இரண்டும் பதிவேட்டோடு பொருந்தினால்தான் காருக்கு முழு மதிப்பு. மோசடிக்காரர்கள் பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதிய எண்ணைக் குத்துவார்கள். ஆனால் உலோகத்துக்கு நினைவு உண்டு. எண்ணைக் குத்தும்போது, பள்ளத்துக்கு அடியில் உள்ள படிகத் துகள்கள் நசுங்கி நெரிந்துவிடுகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும், அந்த நெரிவு ஓரளவு ஆழம்வரை எஞ்சியிருக்கும். தேய்த்த இடத்தை மெருகேற்றி, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நெரிந்த பகுதி மற்றப் பகுதியைவிட வேறான வேகத்தில் அரிக்கப்படும். மறைந்த எண் மங்கலாக மேலெழும்பி வரும். திருட்டு வண்டிகளைக் கண்டறியத் தடயவியல் கூடங்களில் இந்த முறையே பயன்படுகிறது.

கும்மிடிப்பூண்டி உலையும் முப்பத்தைந்து ஆண்டும்

ஒரு கார் எப்படி அரிதாகிறது? சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்றால் விடை தெரியும். ஓடாத கார்களை அங்கே பிரித்து எஞ்சின் வேறு, கதவு வேறு, கண்ணாடி வேறு என்று விற்கிறார்கள். எவரும் வாங்காத மிச்சம் காயலான் கடை வழியாகப் போய்ச் சேரும் இடங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. அங்குள்ள ஆலைகளில் பழைய இரும்பை மின் உலையிலிட்டு உருக்கிக் கட்டடக் கம்பியாக்குகிறார்கள். திருவள்ளூரில் காராகப் பிறந்த இரும்பு, அதே மாவட்டத்தில் கம்பியாகி, யாரோ ஒருவர் வீட்டு மாடிக்குத் தூணாக நிற்கக்கூடும். இரும்பு வீணாகவில்லை, கார்தான் இல்லாமற் போயிற்று.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. ஒரு சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மறுபுறம், 2021-இல் மைய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த கார் 'விண்டேஜ்' எனப்படும் பழம்பெருமை வண்டியாகத் தனிப் பதிவு பெறலாம். 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட எண்பலகை அதற்கு உண்டு. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக்கூடாது.

15-க்கும் 50-க்கும் இடையே 35 ஆண்டுகள். அந்த இடைவெளியில் கார் புதிதும் அன்று, பழம்பெருமையும் அன்று, வெறும் 'பழசு'. அக்காலத்தில் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். 15 வயதுள்ள 1000 கார்கள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் எஞ்சியவற்றில் நூற்றுக்கு 10 வீதம் உடைக்கப்படுவதாகவும் கொள்வோம். 35 ஆண்டு முடிவில் மிஞ்சுபவை சுமார் 25 மட்டுமே. நூற்றுக்கு 5 வீதமானால் 166 மிஞ்சும். நூற்றுக்கு 2 வீதமானால் 493. கதிரியக்கப் பொருள்களுக்கு அரை ஆயுள் என்று சொல்வோமே, அதே கணக்குதான் இது. அழிவு வீதத்தில் தோன்றும் சிறு வேறுபாடு, காலம் செல்லச் செல்ல எஞ்சும் எண்ணிக்கையில் பெரும் வேறுபாடாக வளர்கிறது.

ஒரு முரணையும் இதில் காணலாம். கார் விரும்பப்படாத ஆண்டுகளில்தான் அழிவு வீதம் உச்சத்தில் இருக்கும். பிற்காலத்து அருமையை உருவாக்குவது முற்காலத்து அலட்சியம். ஃபெராரிகளுக்கு அந்தக் கெட்ட காலம் சில ஆண்டுகளில் தீர்ந்தது. பணக்காரர் கையில் இருந்தவை பிழைத்தன. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கிய கார்களுக்கு அது நீண்ட காலம். கடற்கரைக் காற்றின் உப்பு வேறு தகட்டைத் தின்கிறது.

என்ன செய்யலாம்?

அதிகத்தூர் ஆலையில் லான்சரும் சீடியாவும் நின்றுபோன பின், சிறிது காலம் இசுசு வண்டிகள் செய்யப்பட்டன. 2016-இல் இசுசு, கும்மிடிப்பூண்டியை அடுத்து ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலையைத் திறந்து அங்கே சென்றுவிட்டது. 1998-இல் பதிவான முதல் திருவள்ளூர் லான்சர்கள் 2048-இல் 50 வயதை எட்டும். இவ்வட்டாரத்தின் கைத்திறனைச் சொல்ல அப்போது எத்தனை எஞ்சியிருக்கும்?

இதைப் படித்துவிட்டு, பழைய லான்சரை வாங்கி வைத்தால் கோடீசுவரர் ஆகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். மேலே கண்ட கதைகள் அனைத்தும் அதற்கு எதிரானவை. எல்லா எவலூஷன்களும் கூட ஒரே விலை பெறுவதில்லை. பெருவாரியாகச் செய்யப்பட்ட குடும்பக் கார், பந்தயக் காரின் விலையை எட்டுவது அரிதினும் அரிது. வாங்குவதானால் ஓட்ட விரும்பி வாங்க வேண்டும். விலை ஏறினால் அதை உபரி வரவாகக் கொள்ள வேண்டும். பராமரிப்புச் செலவையும் காப்பீட்டையும் நிறுத்திவைக்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்தால், ஏறிய விலையில் பெரும்பகுதி அவற்றுக்கே சரியாகிவிடும்.

ஆனால் பணத்தால் அளக்க முடியாத ஒரு மதிப்பு இருக்கிறது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு குடும்பத்தார் அமைத்த கார் அருங்காட்சியகம் 2015 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. மாணவர்கள் அங்கே சென்று பார்க்கும்போது, காரின் விலையை எண்ணி வியப்பதில்லை. எஞ்சின் எப்படி வளர்ந்தது என்பதையே பார்க்கிறார்கள். திருவள்ளூர் வட்டாரத்துக் காருக்கும் அப்படி ஓர் இடம் தகும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அந்த ஆலையில் உழைத்தவர்களின் வீட்டுப் பரண்களில் பயிற்சிக் கையேடுகள், படங்கள், அடையாள அட்டைகள், விற்பனைத் தாள்கள் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடாமல் வைத்திருப்பது முதற்படி. லான்சர் வைத்திருப்போர், பதிவுப் புத்தகத்தையும் பழுதுபார்த்த சீட்டுகளையும் முதல் சாவியையும் சேர்த்து வைப்பது இரண்டாம் படி. உடைக்கக் கொடுக்கும் முன், பாகங்கள் தேவைப்படும் இன்னொரு உரிமையாளரைத் தேடுவது மூன்றாம் படி. நூற்றுக்குப் பத்து என்ற அழிவு வீதத்தை ஐந்தாகக் குறைக்க இவை போதும். குறைத்தால், நம் கணக்கின்படி, 25 என்பது 166 ஆகும்.